காபன் கூடினால் காடும் கூடுமா? சீனன்குடாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் திருகோணமலையை அடுத்த சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் போரையும் ஒப்பந்தங்களையும் பற்றியே எழுதுகிறார்கள். அந்தத் தாங்கிகளைச் சுற்றி வளர்ந்து நிற்கும் காட்டைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் கட்டத் தொடங்கிய தாங்கிகளில் இன்று 99 எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இங்கிருந்த ஒரு தாங்கியும் தீப்பற்றியது. 1957 இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, ‘மேல்குதம்’ எனப்படும் பகுதியின் தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. துப்புரவு செய்ய ஆளில்லாத நிலத்தைக் காடு எடுத்துக்கொண்டது.

பிரித்தானியர் போனதற்கு அடுத்த ஆண்டு, 1958 மார்ச்சில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் டேவிட் கீலிங் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது அது பத்து இலட்சத்துக்கு சுமார் 315 பங்கு. 2024 இன் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. எனவே மேல்குதத்தில் தானாக முளைத்த மரங்கள், காபன் ஏறிக்கொண்டே போகும் காற்றைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை. அந்த ஏற்றம் அவற்றுக்கு என்ன செய்தது, இனி என்ன செய்யும் என்பதைக் கணித்துப் பார்க்க ஒரு விரிதாளும் பாடசாலைக் கணிதமும் பொறுமையும் போதும்.

## முதற்படி: கேள்வியைப் பிரியுங்கள்

“காபனீரொட்சைட்டு கூடினால் காடு செழிக்குமா?” என்ற கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. இலை கூடுதலாக உணவு தயாரிக்குமா? மரம் குறைவாக நீர் குடிக்குமா? தயாரித்த உணவு மரக்கட்டையாகுமா? அந்தக் கட்டை எத்தனை காலம் நிலைத்து நிற்கும்? முதற் கேள்விக்கு “ஆம்” என்று பதில் வந்தவுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சீனன்குடா போன்ற உலர் வலயக் காட்டில் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டாவதும் நான்காவதும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அவற்றுக்குக் கொடுங்கள்.

## இரண்டாம் படி: இடத்தின் கணக்கை எடுங்கள்

திருகோணமலைக்கு ஆண்டுக்கு சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. கேட்பதற்கு நிறைய. ஆனால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களே அதில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டிவிடுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்று, இங்குள்ள இலைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரை உறிஞ்சிக்கொண்டு போகும். அதனால் ஆண்டுச் சராசரியை வைத்து மாதிரி கட்டாதீர்கள். குறைந்தது மாதவாரியாக, முடிந்தால் நாள்வாரியாகக் கட்டுங்கள்.

நாள்வாரி வெப்பநிலை, ஈரப்பதன், கதிர்வீச்சு ஆகியவற்றை நாசாவின் ‘பவர்’ தரவுத்தளம் இலவசமாகத் தருகிறது. மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் திருகோணமலைப் பதிவுகள் கிடைத்தால் அவையே சிறந்தவை.

அடுத்து மரங்கள். இந்தப் பக்கத்துக் காட்டின் முதுகெலும்பு பாலையும் வீரையும். இடையிடையே முதிரை, கருங்காலி, சமண்டலை. சமண்டலையின் பலகையைத்தான் ஆங்கிலேய மர வியாபாரிகள் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரிலேயே விற்றார்கள். பாலையும் வீரையும் கோடையிலும் இலையோடு நிற்பவை; முதிரை இலையுதிர்த்துச் சமாளிப்பது. இந்த ஒரு வேறுபாட்டையாவது மாதிரியில் வையுங்கள்: ‘பசுமை மாறாதவை’, ‘இலையுதிர்ப்பவை’ என்று இரண்டு நிரல்கள் போதும். வெளிகளில் பரவும் கினிப்புல்லைத் தனியாக எழுதுங்கள். அதன் ஒளித்தொகுப்பு வேறு வகை. காபன் ஏறுவதால் மரத்துக்குக் கிடைக்கும் அளவு ஆதாயம் அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் கோடையில் தீயைக் காட்டுக்குள் கொண்டுவருவது அதுதான்.

தம்பலகாமக் குடாவின் கண்டற்காடுகளுக்கு இந்த மாதிரியைப் பொருத்த வேண்டாம். அங்கே உப்பும் கடல்மட்டமும் முதன்மை. அது வேறொரு கணக்கு.

குதங்களும் அவற்றை அடுத்த விமானப்படை, கடற்படை நிலங்களும் பாதுகாப்பு வளையத்துக்குள் உள்ளவை. அனுமதியின்றி உள்ளே போக நினைக்கவே வேண்டாம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு அருகிலுள்ள ஒரு காட்டுத்துண்டில் அளந்தாலும் பாடம் ஒன்றுதான்.

## மூன்றாம் படி: நிற்கும் காபனை அளவுங்கள்

தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து 3.1416 ஆல் வகுத்தால் விட்டம் வரும். ஜெரோம் ஷாவும் உலகின் பல காடுகளில் வேலைசெய்த அவருடைய சகாக்களும் 2014 இல் வெளியிட்ட சமன்பாடு இப்படி:

உலர்நிறை (கிலோகிராம்) = 0.0673 × (அடர்த்தி × விட்டம்² × உயரம்) இன் 0.976 ஆம் அடுக்கு

விட்டம் சென்ரிமீற்றரிலும் உயரம் மீற்றரிலும் இருக்கவேண்டும். 30 சென்ரிமீற்றர் விட்டமும் 12 மீற்றர் உயரமும் 0.8 மர அடர்த்தியும் கொண்ட ஒரு மரத்துக்கு விடை சுமார் 468 கிலோகிராம். அதில் 47 சதவீதம் காபன் என்று எடுத்தால் 220 கிலோகிராம். ஒரு துண்டு நிலத்திலுள்ள எல்லா மரங்களுக்கும் இதைச் செய்து கூட்டினால் நிலத்துக்கு மேலே நிற்கும் காபன் கிடைத்துவிடும்.

## நான்காம் படி: ஓர் இலையில் தொடங்குங்கள்

1980 இல் கிரஹாம் ஃபார்குவர், சூசன் ஃபொன் கேமரர், ஜோசப் பெரி மூவரும் எழுதிய இலை மாதிரி இன்றும் உலகின் பெரும்பாலான காட்டு மாதிரிகளின் அடியில் இருக்கிறது. அதன் உட்பொருள் எளிது. இலையின் வேகத்தை இரண்டு எல்லைகள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று, காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியத்தின் திறன். மற்றது, ஒளியிலிருந்து கிடைக்கும் சக்தி. இரண்டில் எது குறைவோ அதுவே இலையின் வேகம்.

சீனன்குடாவின் பகலுக்கு ஏற்றபடி இலையின் வெப்பநிலையை 30 பாகை செல்சியஸ் என்று வைப்போம். அப்போது இரண்டு எல்லைகளும் இப்படி அமையும்:

ரூபிஸ்கோ எல்லை = 60 × (உட்காபன் − 55) ÷ (உட்காபன் + 1094)

ஒளி எல்லை = (80 ÷ 4) × (உட்காபன் − 55) ÷ (உட்காபன் + 110)

‘உட்காபன்’ என்பது இலைக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டின் செறிவு. 55, 110, 1094 ஆகியவை நொதியத்தின் இயல்பிலிருந்து அந்த வெப்பநிலைக்கு வரும் எண்கள். 60 இலையின் நொதியத் திறனையும் 80 ஒளியால் ஓடும் இலத்திரன்களின் வேகத்தையும் குறிக்கும். இவை பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டவை. விடை, ஒரு சதுர மீற்றர் இலை ஒரு செக்கனில் எத்தனை மைக்ரோமோல் காபனீரொட்சைட்டைப் பிடிக்கிறது என்பது.

இலைக்குள் எவ்வளவு நுழையும்? அதை இலைவாய் தீர்மானிக்கிறது. பெலின்டா மெட்லினும் சகாக்களும் 2011 இல் தந்த விதிப்படி:

உட்காபன் = வெளிக்காபன் × 4 ÷ (4 + √வறட்சி)

‘வறட்சி’ என்பது காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதன் அளவு, அலகு கிலோபாஸ்கல். 4 என்பது மரத்தின் சிக்கனத்தைக் காட்டும் எண். சிக்கனமான மரத்துக்கு அது குறையும். கச்சான் வீசும் நண்பகலுக்கு வறட்சியை 2.25 என்று வைத்தால் இலைக்குள் இருப்பது வெளியிலுள்ளதில் சுமார் 73 சதவீதம்.

இனிக் கணக்கைப் போடுங்கள். வெளிக்காபன் 420 ஆனால் உட்காபன் 305. ரூபிஸ்கோ எல்லை 10.7, ஒளி எல்லை 12.1. குறைந்தது 10.7, அதுவே இலையின் வேகம். கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய 280இன் இரட்டிப்பான 560க்கு வெளிக்காபனை உயர்த்துங்கள். உட்காபன் 407. ரூபிஸ்கோ எல்லை 14.1, ஒளி எல்லை 13.6. இப்போது இலையைப் பிடித்து நிறுத்துவது ஒளி! வேகம் 10.7 இலிருந்து 13.6 ஆகிறது, 27 சதவீத உயர்வு.

இந்தக் கைமாற்றத்தைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். ரூபிஸ்கோ மட்டும் எல்லையாக இருந்திருந்தால் உயர்வு 31 சதவீதம். ஒளி மட்டும் எல்லையாக இருந்தால் 13 சதவீதம்தான். காட்டின் மேல்விதானத்தில் வெயிலில் குளிக்கும் இலைக்கும், அதன் நிழலில் நிற்கும் வீரைக் கன்றின் இலைக்கும் ஆதாயம் ஒன்றல்ல. முழுக் காட்டுக்கும் ஒரே சதவீதத்தைப் போடும் மாதிரிகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

## ஐந்தாம் படி: இலையிலிருந்து விதானத்துக்கு

விதானம் எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறது என்பதை மதிப்பிட ஓர் எண் போதும். ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீற்றர் இலை இருக்கிறதோ அது ‘இலைப்பரப்புச் சுட்டி’. சுட்டி 1 ஆனால் பிடிபடும் ஒளி 39 சதவீதம். 2 ஆனால் 63. 4 ஆனால் 86. 5 ஆனால் 92. காபன் கூடி இலை பெருகினாலும், ஏற்கனவே மூடிக்கிடக்கும் விதானத்துக்குக் கூடுதல் ஒளி சொற்பமே. இடைவெளிகள் நிறைந்த இளங்காட்டில்தான் இலைப்பெருக்கம் பெரிதாகத் தெரியும். சுட்டியின் பருவ ஏற்ற இறக்கத்தை 2000ஆம் ஆண்டிலிருந்து மோடிஸ் செய்மதிப் படங்களில் பார்க்கலாம்.

## ஆறாம் படி: மண்ணின் வாளியை நிரப்புங்கள், வடியுங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவிடவேண்டும்.

மண்ணை ஒரு வாளியாக எண்ணுங்கள். மழை நிரப்பும், நிரம்பி வழிவது ஓடிவிடும், மரங்கள் குடிக்கும். வாளியில் மீதி 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இலைவாய்த் திறப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே போங்கள். தொடக்க விதியாக இது போதும்.

காபன் கூடும்போது இலைவாய் ஓரளவு மூடிக்கொள்ளும். ஒளி எல்லைக்குள் இருக்கும் இலையின் வேகம் 13 சதவீதம் கூடுகிறது. வெளிக்காபனோ மூன்றிலொரு பங்கு கூடியிருக்கிறது. மெட்லின் விதிப்படி இலைவாய்த் திறப்பு சுமார் 15 சதவீதம் குறையும். நாம் கணக்கிட்ட வெயில் இலைக்குக் குறைவு 5 சதவீதம்தான்.

நல்ல நிலையையே எடுப்போம். ஏப்ரல் முடிவில் வாளியில் 150 மில்லிமீற்றர் நீர் இருக்கிறது. காடு நாளுக்கு 4 மில்லிமீற்றர் குடிக்கிறது. 37 நாளில் வாளி வற்றும். குடிப்பது 15 சதவீதம் குறைந்தால் 44 நாள். கோடையில் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. பாலைக்கு அந்த ஒரு வாரம் பெரிய வரம். நுகர்வு குறைந்த மரம் ஜூன் நடுவிலும் உணவு தயாரித்துக்கொண்டிருக்கும். உலர் காட்டில் காபனீரொட்சைட்டின் மெய்யான கொடை இலையின் வேகத்தைவிட இந்த நீர்ச்சேமிப்பில்தான் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

ஆனால் காபனீரொட்சைட்டு தனியே வருவதில்லை. வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. காற்றில் நீராவி மாறாமல் 30 பாகை 32 ஆகட்டும். வறட்சி 2.25 இலிருந்து சுமார் 2.75 ஆகும். அதே விதியில் இதைப் போட்டுப் பாருங்கள்: 15 சதவீதச் சேமிப்பு சுமார் 4 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு வாரமாக இருந்த வரம் இரண்டு நாளுக்குள் வந்துவிடுகிறது. கடலோரம் என்பதால் நீராவியும் ஓரளவு கூடலாம். அப்போது இழப்பு இவ்வளவு இராது. அதனால்தான் வெப்பத்தையும் ஈரப்பதனையும் தனித்தனியே மாற்றி ஓட்டவேண்டும்.

வாளியின் ஆழம் என்ன என்பது அடுத்த சிக்கல். பாலையின் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை விரிதாளில் இருந்துகொண்டு அறிய முடியாது. 100, 200, 400 மில்லிமீற்றர் என்று மூன்று வாளிகளை ஓட்டுங்கள். எந்த வாளியில் கோடைகால இலைப்பரப்பு செய்மதிப் படத்தோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பசுமை மாறாதவற்றுக்கு ஆழமான வாளியும் இலையுதிர்ப்பவற்றுக்கு ஆழம் குறைந்ததும் கொடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

## ஏழாம் படி: மண்ணின் சத்தைக் கேளுங்கள்

தயாரித்த உணவில் ஏறத்தாழப் பாதியை மரமே சுவாசித்து முடிக்கிறது. மீதி இலைக்கும் வேருக்கும் கட்டைக்கும் பிரிகிறது. ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 12 தொன் காபன் பிடிபட்டால் மிஞ்சுவது 6. அதில் இலைக்கு 2, வேருக்கு 2.5, கட்டைக்கு 1.5 தொன் என்று தொடங்கலாம்.

காபன் கூடினால் இந்த 1.5உம் கூடுமா? திறந்த காட்டுக்குள் குழாய்களால் காபனீரொட்சைட்டைச் செலுத்திச் சோதித்தவர்களின் பதில்கள் பலவிதம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் முதல் ஆண்டுகளில் சுமார் 24 சதவீதமாக இருந்த வளர்ச்சி ஆதாயம் 2008 இல் 9 சதவீதமாக இறங்கியது, நைதரசன் போதவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோட்ஷயரிலுள்ள முதிர்ந்த ஓக் காட்டில் ஏழு ஆண்டுகளில் கட்டை உற்பத்தி சுமார் 10 சதவீதம் கூடியதாக 2024 இல் அறிவித்தார்கள். சிட்னிக்கு அருகே, பொசுபரசு வற்றிய மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ் காட்டின் முடிவு 2020 இல் வெளியானது. அந்த மரங்கள் 12 சதவீதம் கூடுதல் காபனைப் பிடித்தன; அடிமரம் பருக்கவேயில்லை. கூடுதலாகப் பிடித்ததில் சுமார் பாதி மண்ணின் சுவாசமாகவே காற்றுக்குத் திரும்பிவிட்டது.

நம்முடைய காட்டுக்கு நேராகப் பொருந்தும் சோதனை இவற்றில் ஒன்றுமில்லை. இருந்தாலும் சிட்னி முடிவை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன். கட்டை ஆதாயத்துக்கு 0, 5, 10 சதவீதம் என மூன்று நிலைகள் வைத்து ஓட்டுங்கள். இலை தந்த 27 சதவீதத்தை அப்படியே கட்டைக்கு எழுதிவிடாதீர்கள்.

## எட்டாம் படி: கட்டை எத்தனை காலம் நிற்கும்?

முதிர்ந்த காட்டில் நிற்கும் காபன் = ஆண்டுக் கட்டை உற்பத்தி × கட்டை நிலைத்திருக்கும் காலம்

ஆண்டுக்கு 1.5 தொன், காலம் 60 ஆண்டு என்றால் 90 தொன். உற்பத்தி 10 சதவீதம் கூடி 1.65 ஆகட்டும், வறட்சியும் தீயும் கோடரியும் சேர்ந்து காலத்தை 50 ஆண்டாக்கட்டும். விடை 82.5. காடு வேகமாக வளர்கிறது. ஆனாலும் அதில் நிற்கும் காபன் குறைகிறது. தொடங்குபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் பெருக்கல் இது. காலத்தை 40 முதல் 80 வரை மாற்றிப் பாருங்கள். மற்றெல்லா எண்களையும்விட இதுவே விடையை அதிகம் ஆட்டுவதைக் காண்பீர்கள்.

மேல்குதத்தின் காட்டுக்கு இந்தக் காலத்தை வானிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 61 தாங்கிகளை ஒரு கூட்டு நிறுவனம் மேம்படுத்தவிருக்கிறது. தாங்கிகளைச் சுற்றி வெட்டப்படும் காட்டையும் மாதிரியில் ஒரு வரியாக எழுதவேண்டும். அளவை உணர ஒரு கணக்கு: ஒரு தாங்கியின் கொள்ளளவு சுமார் 12,000 தொன். நிரம்பிய ஒரு தாங்கி எண்ணெயில் 85 சதவீதம் காபன் என்று கொண்டால் 10,200 தொன். ஹெக்டேயருக்கு 90 தொன் வைத்திருக்கும் முதிர்ந்த காடு 113 ஹெக்டேயர் இருந்தால்தான் அதற்கு ஈடாகும். ஒரேயொரு தாங்கிக்கு!

## ஒன்பதாம் படி: வளர்ச்சியை யாருடைய கணக்கில் எழுதுவது?

சீனன்குடா இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறது. 1957 இல் வெறுநிலத்திலிருந்து தொடங்கியதாக வைத்து, காபனீரொட்சைட்டு மாறவேயில்லை என்று மாதிரியை ஓட்டினாலும், 67 ஆண்டு கழித்து 2024 இல் அந்தக் காட்டில் ஹெக்டேயருக்கு சுமார் 61 தொன் காபன் நிற்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ அரைத் தொன் இன்னும் கூடிக்கொண்டிருக்கும். வெட்டிய காடு மீள வளர்வதால் வரும் கூடுதல் அது. அளவுநாடா பருமன் கூடியதைக் காட்டியவுடன் “காபன் உரமாகிவிட்டது” என்று எழுதினால் தவறாகிவிடும்.

பிரித்தறிய மூன்று ஓட்டங்கள் தேவை. முதலாவதில் காபனீரொட்சைட்டு 315 இலேயே நிற்கட்டும். மழையும் வெப்பமும் பழைய ஆண்டுகளுடையவையே திரும்பத் திரும்ப வரட்டும். இரண்டாவதில் காபனீரொட்சைட்டு மட்டும் மௌனா லோவாப் பதிவின்படி ஏறட்டும். மூன்றாவதில் மெய்யான வானிலையையும் சேருங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் காபனின் பங்கு. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வானிலையின் பங்கு. உலகளாவிய மாதிரிகளை ஒப்பிடும் குழுக்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன.

பிறகு ஒவ்வோர் எண்ணையும் 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, விடையை எது அதிகம் அசைக்கிறதென்று வரிசைப்படுத்துங்கள். அந்த வரிசையின் தலைப்பில் இருப்பதை அளப்பதுதான் அடுத்த ஆண்டுக்கான உங்கள் களவேலை.

## பத்தாம் படி: அடுத்த கருவி

விரிதாள் கைக்குப் பழகிய பிறகு, லேன்ட்ஸ்பெர்க், வாரிங் இருவரும் 1997 இல் வெளியிட்ட ‘த்ரீ-பிஜி’ மாதிரிக்குப் போகலாம். மாதவாரியாக ஓடும், ‘ஆர்’ மொழியில் இலவசப் பொதியாகக் கிடைக்கிறது. பிறந்து இறக்கும் மரங்களைத் தனித்தனியே பின்தொடர ‘எல்பிஜே-கெஸ்’ இருக்கிறது. அதைக் கற்க மாதங்கள் பிடிக்கும்.

களத்துக்கு ஒரு குறிப்பு. கோடையில் அடிமரம் நீரிழந்து சற்றுச் சுருங்கும், மாரியில் பருக்கும். இந்த வருடம் பெப்ரவரியிலும் அடுத்த வருடம் ஓகஸ்ட்டிலும் அளந்தால், ஓராண்டு வளர்ச்சியே சுருக்கத்தில் மறைந்துபோகலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில், மரத்தில் வர்ணத்தால் குறித்த அதே கோட்டில், அதே நாடாவால் அளவுங்கள். செத்து விழுந்த மரங்களை ஏட்டிலிருந்து நீக்காமல், விழுந்த ஆண்டையும் காரணத்தையும் எதிரே எழுதி வையுங்கள். எட்டாம் படியின் 60 என்ற எண்ணுக்குப் பதிலாக உங்கள் காட்டுக்கே உரிய எண் அந்த நிரலிலிருந்துதான் கிடைக்கும்.